ஷெட்டுக்குப் போகும் லைன்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் செங்கல்வராயன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினார்கள். எட்டே முக்காலுக்கெல்லாம் திருமுல்லைவாயிலின் அந்தத் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் குப்பம்மா வடாம் பிழிகிற சாக்கில் மாடியேறியவள், அரைப்படி மாவை நண்பகல் வரைக்கும் பிழிந்துகொண்டிருந்தாள்.

குப்பம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு மாதமாகவே அந்த வீட்டில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது.

மகன் சரண் மின்சாரக் கார் வாங்கினான். மருமகள் நிவேதிதாவுக்கு ஏழு மாதம். அம்பத்தூர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்பது காரணம். கார் வந்தது. நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. பின்சந்து வழியாகக் கொல்லைக்கோடி ஷெட்டில் போய் நின்றது. ஆனால் ஷெட்டில் கரண்ட் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுச் சார்ஜ் ஏற்றினான் சரண். போன செவ்வாய்க்கிழமை அந்த பாக்ஸ் உருகி, வீடே புகைந்து, மாமியார் பொன்னியம்மா ஓடிப் போய் மெயினை அணைத்ததைத்தான் தெருவே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதே.

அன்றைக்கு நிவேதிதா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஷெட்டுக்கு ஒழுங்காக லைன் இழுக்க வேண்டும். இல்லையென்றால் வானகரம் ஃபிளாட்டுக்குக் குடிபோக வேண்டும். அங்கே கார் நிறுத்துகிற இடத்திலேயே சார்ஜர் இருக்கிறதாம்.

பேரப்பிள்ளை வானகரத்தில் தவழும் என்ற நினைப்பே பொன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "லைன இழுங்கடா மொதல்ல" என்று முதல் ஆளாகத் தலையாட்டியவள் அவள்தான்.

அதனால்தான் அவளே லைனுக்குக் குறுக்கே போய் நின்றபோது, குப்பம்மாவின் கையிலிருந்த அச்சு அப்படியே நின்றுபோனது.

எலக்ட்ரீஷியன் அப்துல் ரசாக் ஆவடிக்காரர். ஒரு ஸ்குருவுக்கு ஒரு பேச்சு என்று வேலை செய்கிற மனிதர். வீட்டுச் சுவரிலிருந்த போர்டிலிருந்து ஷெட் வரைக்கும் சுண்ணாம்புப் பொடியால் நேர்கோடு போட்டிருந்தார். மண் வெட்டுகிற மதுரைவீரன் இரண்டு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்துவிட்டான். நடுவில் ஆறடிதான் பாக்கி.

அந்த ஆறடியின் மேல்தான் பொன்னியம்மா நின்றாள்.

"பாய், இந்த எடத்த உட்டுட்டு சுத்தி எடுத்துக்கினு போங்க."

"சுத்திப் போனா இன்னும் நாலு மீட்டர் வோணும்க்கா. உங்க புள்ள கரெக்டா இருபத்தோரு மீட்டர் வெட்டி வாங்கியாந்துட்டாரு. கேபிள வளைக்கலாம், நீட்ட முடியாது."

"போன்ல அளந்தேன். கரெக்டா காட்டுச்சு" என்றான் சரண், யாரும் கேட்காமலே.

"போனு கரெக்டாத்தான் சார் காட்டும். கொஞ்சம் கூடவே வாங்குன்னு சொல்லாது."

"அப்ப இன்னொரு துண்ட சேத்து ஜாயின்ட் போடு" என்றாள் பொன்னியம்மா.

ரசாக் கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகினார். "மண்ணுக்குள்ள ஜாயின்ட் நான் போடமாட்டேன்க்கா. இன்னிக்கி நல்லாத்தான் இருக்கும். ஐப்பசி மழைல தண்ணி எறங்குச்சுன்னா? புள்ளத்தாச்சிப் பொண்ணு கால வெக்கற எடம். நீங்களே சொல்லுங்க."

பொன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"மேலால இழுத்துடேன்."

"மேல ரெண்டு தென்னமரம் கீது. ஒரு மட்டை உழுந்தா அறுத்துக்கினு கீழ வரும். மேலயும் வோணாம், ஜாயின்ட்டும் வோணாம். ரெண்டரை அடி ஆழம், கீழ மணல், மேல செங்கல்லு. அப்புறம் உங்க பேரன் பேத்தி அது மேல குதிச்சு ஆடலாம்."

பேரன் பேத்தி என்றதும் பொன்னியம்மா ஒரு அடி நகரப் பார்த்தாள். கால் நகரவில்லை.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொல்லை நடுவில் ஒரு பாயை விரித்தால் மூடிவிடுகிற அளவுக்கு வெறும் தரை. அதில் ஒரு செடி கிடையாது. துணி துவைக்கிற கல்லைப் போட விட்டதில்லை. சரண் சின்னப் பையனாக கிரிக்கெட் ஸ்டம்ப் நட்டபோது முதுகில் ஒன்று வைத்தாள். தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரை அங்கேதான் கொண்டுபோய்க் கவிழ்ப்பாள். கவிழ்த்துவிட்டு நாலு நிமிஷம் நிற்பாள். இதைப் பார்த்துத் தெருவில் ஒரு கதை உண்டு. மாமியார்க்காரியின் நகைகளைப் பொன்னியம்மா அங்கே புதைத்து வைத்திருக்கிறாள் என்பது குப்பம்மாவின் கண்டுபிடிப்பு. வருஷத்துக்கு வருஷம் அந்த நகைக்குச் சவரன் ஏறிக்கொண்டே வந்தது.

"இன்னாம்மா கீது அங்க? தங்கமா?" என்று சரணே கேட்டுவிட்டான்.

மாடியில் குப்பம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னியம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். கொல்லை வாசற்படியில் நிவேதிதா வந்து நின்றிருந்தாள். வீட்டில் மின்விசிறி ஓடாததால் ஒரு வாரப்பத்திரிகையால் விசிறிக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அந்த வயிற்றைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்கு வாய் வரும்?

அங்கே இருந்தது நகை இல்லை. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இறந்தே பிறந்த முதல் குழந்தை. பெண். பேர் வைக்கவில்லை, ஒரு படம் இல்லை, திதி கிடையாது. பச்சைக் குழந்தையை மண்ணில்தான் வைப்பார்கள். பெற்றவளை அங்கே கூட்டிப்போக மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பதாம் நாள் வீடு திரும்பியவள், "எங்க?" என்று மட்டும் புருஷனைக் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டிய இடம் அது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நாலு வருஷம் கழித்துப் பிறந்த சரணுக்கு இப்படி ஒரு அக்கா இருந்ததே தெரியாது.

பிள்ளைத்தாய்ச்சியின் காதில் விழக் கூடாத பேச்சு அது. இத்தனை வருஷம் சொல்லாததை இன்றைக்கா சொல்வாள்? அதைவிடப் பிடிவாதக்கார மாமியார் என்று பேர் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பேர் உடனே கிடைத்தது.

"அத்தை, நான் வானகரம் போறேன்னு சொன்னேன்ல, அந்தக் கோவமுங்களா?" நிவேதிதா ஈரோட்டுப் பெண். சண்டையிலும் மரியாதையை விடமாட்டாள். அதனாலேயே அது இன்னும் கொஞ்சம் சுடும். "நாங்க இங்க இருக்கறது புடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. ஒரு பள்ளம் தோண்டறதுக்கு இத்தனை பேச்சு எதுக்குங்க?"

"அது இல்ல கண்ணு..."

"வேற என்னதுங்க?"

பொன்னியம்மா தரையைப் பார்த்தாள். நிவேதிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெடுக்கென்று திரும்பினாள். எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் சரண் பைக் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தான்.

"போதும்மா. நான் அம்பத்தூர் போய்ட்டு இருபத்தஞ்சு மீட்டரா வாங்கியாரேன். நீ உன் எடத்த நல்லா கட்டிப் புடிச்சுக்கினு இரு. அவ பொட்டி கட்டினா அப்பவும் இதையே கட்டிப் புடிச்சுக்க."

பைக் சத்தம் தெருமுனை திரும்பியது. ரசாக்கும் மதுரைவீரனும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். எடத்தைக் காப்பாற்றியாகிவிட்டது என்று பொன்னியம்மா மூச்சு விட்டாள்.

இதுவரை செங்கல்வராயனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். சொல்ல ஏதாவது இருந்தால்தானே? அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பம்ப் கம்பெனி ஃபிட்டர். ரிட்டையர் ஆனதிலிருந்து வீட்டில் அவர் குரல் கேட்பதே காபி ஆறிவிட்டால்தான். காலையிலிருந்து போர்டுக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் யாருக்கோ வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் டார்ச்சைக் கீழே வைத்தார். மதுரைவீரன் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். சரியாக அந்த இடத்தின் நடுவில் ஓங்கிக் குத்தினார்.

"யோவ்!"

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் புருஷனைப் பொன்னியம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. பாய்ந்து கடப்பாரையைப் பிடித்தாள். "பைத்தியமா புடிச்சுக்கீது? அவ மேலயா குத்தற? நீயா குத்தற?"

"உடு பொன்னி. தோண்டட்டும்."

"யாருக்குத் தெரியலன்னாலும் உனக்குத் தெரியுமேய்யா!"

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். குப்பம்மா வடாத்தை மறந்து கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கொல்லையில் அவள் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான், ஷெட்டின் பின்பக்கம். பொன்னியம்மா புருஷனின் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

ஷெட் சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டைகள். அதற்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தோண்டட்டும். அங்க ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்லாமதான் இருக்கும். முப்பத்திநாலு வருஷம். மண்ணு தின்னுட்டிருக்கும். அதுக்காக..."

"அப்பவும் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"எப்பவுமே இல்ல பொன்னி. நான் அங்க பொதைக்கல."

தென்னை மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து கத்திவிட்டுப் போனது. செங்கல்வராயன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். இருபத்தேழு வயதில் சொல்லாமல் விட்டதை அறுபத்தொன்றில் சொல்வது கஷ்டம். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது இன்னும் கஷ்டம்.

"ஆஸ்பத்திரில ஒரு வெள்ளத்துணில சுத்திக் குடுத்தாங்க. வெளிய வந்தேன். எங்க போறதுன்னு தெரியல. கைல கனமே இல்ல. அங்க ஆயாவா இருந்தவ பாத்தா. ஞானம்மாள்னு பேரு, திருமழிசைக்காரி. 'குடு தம்பி, நான் பாத்துக்கறேன், நீ போய் பொண்டாட்டியப் பாரு'ன்னா. குடுத்துட்டேன்."

"குடுத்துட்டு?"

"உங்கிட்ட வந்து உக்காந்தேன். நீ மயக்கத்துல இருந்த."

"அவ எங்க வெச்சா?"

"கேக்கல."

"கேக்கலியா?"

"ஊட்டுக்கு வந்ததும் நீ எங்கன்னு கேட்ட. தெரியாதுன்னு எப்பிடிச் சொல்லுவேன்? வாழக்கன்னு வெக்கறதுக்கு ஒரு குழி நோண்டி, வெக்காம மூடி வெச்சிருந்தேன். புது மண்ணா இருந்துச்சு. கைய நீட்டிட்டேன். நீ போய் அங்க உக்காந்துக்கின. அப்புறம் எப்பிடி..."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

பொன்னியம்மா ஷெட் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சரண் முதல் அடி எடுத்து வைத்ததை அவள் முதலில் போய்ச் சொன்னது அந்த மண்ணிடம்தான். அவன் பத்தாவது பாஸ் பண்ணினதை, வேலை கிடைத்ததை அங்கேதான் சொன்னாள். அவன் கல்யாணப் பத்திரிகையில் முதல் பத்திரிகையை யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னால் மஞ்சள் தடவி அங்கே வைத்தாள். உனக்குத் தம்பி பிள்ளை வரப்போகுது, அத்தை ஆகப்போறே என்று இரண்டு மாதம் முன்புதான் சொல்லிவிட்டு வந்தாள். அத்தனையும் ஒரு வாழைக்குழிக்குச் சொன்னது.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை.

"அவ ஊட்டுக்குப் போய் கேட்டிருக்கலாமே?"

"போனேன். ரெண்டு வாட்டி. பெருமாள் கோயிலுக்குப் பின்னாடின்னு சொல்லியிருந்தா. பஸ் ஸ்டாப்ல எறங்கினேன். அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

அவள் இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள். "துணியத் தெறந்து பாத்தியா?"

செங்கல்வராயன் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"மொகத்த?"

"பயமா இருந்துச்சு பொன்னி."

அப்போதுதான் சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

வீட்டில் கரண்ட் இல்லை, மாமியாரிடம் முகம் கொடுக்க மனசு இல்லை. நிவேதிதா ஷெட்டுக்குள் காரில் போய் உட்கார்ந்து ஏசியைப் போட்டிருந்தாள். மின்சாரக் காரில் ஏசி ஓடினாலும் சத்தம் வெளியே வராது. சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டவும் அதை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியிருந்தாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேச்சு, எந்தக் காதில் விழக் கூடாதோ அந்தக் காதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்துவிட்டது.

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு கண்ணு. நீ இதக் கேக்கக் கூடாது. உள்ள போ."

"கேட்டாச்சுங்க அத்தை. இனி என்ன பண்றதுங்க?"

மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு ரசாக் திரும்பி வந்தபோது பொன்னியம்மா கொல்லையில் நின்றிருந்தாள். "நேராவே தோண்டுங்க பாய்" என்றாள்.

"நேராவா?"

"நேராத்தான்."

மதுரைவீரன் அந்த ஆறடியையும் தோண்டினான். தெருப் பேச்சு அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். வேறெங்கும் இல்லாத அக்கறையோடு மண்ணை அள்ளி அள்ளி விரலால் கிளறிப் பார்த்தான். ஒரு ஓட்டுத் துண்டு வந்தது. துருப்பிடித்த ஒரு போல்ட் வந்தது. பிறகு செம்மண். பொன்னியம்மா கரையில் நின்று ஒவ்வொரு கூடையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று அவள் மனசு ஒரு கூடைக்கு ஒருமுறை வேண்டிக்கொண்டது.

ரெண்டரை அடி வந்ததும் மதுரைவீரன் நிமிர்ந்தான்.

மாடியிலிருந்து குப்பம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "பொன்னி! ஒண்ணுமே இல்லியாடி?"

பொன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல குப்பு."

அந்தக் குரலைக் கேட்டு, அதற்குமேல் ஒரு கேள்வி கேட்க குப்பம்மாவாலேயே முடியவில்லை. மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

சரண் புதுக் கேபிள் சுருளோடு வந்து இறங்கியபோது பழைய கேபிள் மணல் மேல் படுத்திருந்தது. மதுரைவீரன் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். "நேரா போட்டாச்சா? அப்ப இது எதுக்கு? யாராவது ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கத்தினான். அவன் நைனா செங்கல்வராயன் போர்டுக்குப் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சரண் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுருளைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

இரண்டு மணிக்கு ரசாக் மெயினை ஏற்றினார். ஷெட்டில் புதுப் பெட்டி, புது சுவிட்சு, தனி எர்த். டியூப்லைட் ஒருமுறை கூடச் சிமிட்டாமல் எரிந்தது. நிவேதிதா காருக்குச் சார்ஜ் ஒயரைச் சொருகினாள்.

நாலு மணிக்கு அவள் காரில் எத்தனை சதவீதம் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். "இருபத்தெட்டு ஆயிருச்சுங்க அத்தை. திருமழிசை போயிட்டு வர இது போதும்."

"நீ வரக் கூடாது. மாசமா கீற. நான் பஸ்ல போறேன்."

"நாந்தானுங்க ஓட்டறேன். அங்க வந்து நான் கார்லயே உக்காந்துக்கறேன். உள்ளார வர்ல. சரிங்களா?"

பொன்னியம்மா புடவை மாற்றவில்லை, தலை வாரவில்லை. காலில் கொல்லை மண்ணோடு முன்சீட்டில் ஏறினாள். செங்கல்வராயன் பின்கதவில் கை வைத்தார்.

"நீ வோணாம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நீ பஸ் ஸ்டாப்போட திரும்பற ஆளு."

கை எடுபட்டது.

கார் சத்தமில்லாமல் சந்துக்குள் வந்தது. பைபாஸ் பக்கம் திரும்புகிற இடத்தில் நிவேதிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை, அந்த ஆயாம்மா இருந்தாங்கன்னா எம்பது எம்பத்தஞ்சு இருக்குமுங்க. இருக்காங்களோ இல்லையோ. இருந்தாலும், எந்த எடம்னு அவங்களுக்கு நெனப்பிருக்குமுங்களா?"

"எடம் வோணாம் கண்ணு" என்றாள் பொன்னியம்மா. "ஒரு எடத்த வெச்சுக்கினு இத்தினி வருசம் இருந்தாச்சு. அந்த மொகத்தப் பாத்தவ இந்த ஒலகத்துல அவ ஒருத்திதான். யாரு சாடைன்னு மட்டும் கேக்கணும்."